கோடு காடு ஆன கதை: தொலைக்காட்சி ஓரத்தின் வரலாறு



இந்தப் பக்கத்தில் நீங்கள் வழக்கமாகத் தேடுவது இலக்கணக் குறிப்பு, மாதிரி வினா, கட்டுரைச் சட்டகம் ஆகியவற்றைத்தான். இம்முறை நான் தருவது ஒரு வரலாறு. அதுவும் டிவிப் பெட்டியின் ஓரத்தைப் பற்றிய வரலாறு. "தமிழ் டீச்சருக்கு இது எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு வகுப்பையே காப்பியடித்ததாக நான் திட்டித் தீர்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோப்பெங்கில் நான் கற்பிக்கும் படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி வைத்தேன். சுவரில் மாட்டிய பெரிய டிவி, அதன் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கணினி. ஒரே பலகையில் எல்லாம் அடங்கிய வகை அது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திரையின் மேலே நடுவில் "பொருள் எழுதுக" என்று தலைப்பு. கீழே இடது ஓரமாக, எண் போடாமல், எட்டுச் சொற்கள்: கோடு, தோழி, போர், சோறு, கோல், தோள், நோய், கோலம். சொல்லுக்கு 2 மதிப்பெண், மொத்தம் 16. நான் வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, கையில் இருந்த அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டே வேறு கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். "படிவம் 5-க்கு இவ்வளவு ஈஸியாவா?" என்று ஒரு பையன் சிரித்தான். நான் தலையைத் தூக்கவில்லை.

அன்று இரவு தாள்களைத் திருத்தினால், எல்லார் தாளிலும் ஒரே மாதிரி தப்பு. முதல் சொல்லுக்கு "வனம்". இரண்டாவதற்கு "பெரிய பானை". மூன்றாவதற்கு "உலகம்". நோய்க்கு நேராக "வீட்டைக் காக்கும் விலங்கு". ஒருவன் எழுதியதைப் பார்த்து மற்ற எல்லாரும் எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாள் போய் அத்தனை பேருக்கும் பூஜ்யம் என்று சொல்லி, நேர்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். அமைதியாக இருக்கும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், டிவியில அப்படித்தான் இருந்துச்சு. நாங்க பார்த்ததைத்தான் எழுதினோம்."

டிவியைப் போட்டேன். காடு. தாழி. பார். சாறு. கால். தாள். நாய். காலம்.

எட்டுச் சொல்லிலும் இரட்டைக்கொம்பு காணாமல் போயிருந்தது. மிச்சம் இருந்த எட்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்! ஒரு எழுத்துகூட அரைகுறையாகத் தெரியவில்லை; சந்தேகப்பட எந்த அடையாளமும் இல்லை. கோப்பைக் கணினியில் திறந்து பார்த்தால் எல்லாம் சரி. அச்சுப் பிரதியிலும் சரி. திரையில் மட்டும் வேறு வினாத்தாள்.

படத்தின் நான்கு ஓரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் டிவி தின்றுவிடும் இந்த வழக்கத்துக்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். இது பழுது இல்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு பழக்கம். அது தோன்றியபோது அதற்கு நல்ல காரணம் இருந்தது.

பழைய டிவியின் உயிர், படக்குழாய். ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் செய்து காட்டிய கதிர்க்குழாயின் வழித்தோன்றல் அது. குழாயின் பின்பக்கத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றை பாயும். கழுத்தில் சுற்றிய கம்பிச்சுருள்கள் அதை இடமும் வலமும், மேலும் கீழும் வளைக்கும். கற்றை திரையின் உட்பூச்சில் படும் இடம் ஒளிரும். இப்படி வரி வரியாக, மேலிருந்து கீழாக, வயலில் ஏர் ஓட்டுவதைப் போல் படம் உழப்படுகிறது.

மலேசியா ஏற்றுக்கொண்ட முறைக்குப் பால் என்று பெயர். (குடிக்கும் பால் இல்லை, ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் வகுத்த வண்ணத் தொலைக்காட்சி முறையின் சுருக்கப்பெயர்.) அதில் ஒரு படத்துக்கு 625 வரி, விநாடிக்கு 25 படம். ஒரு வரிக்குக் கிடைப்பது 64 மைக்ரோவிநாடி. அதில் படத்துக்கு உரியது 52 மட்டுமே. மீதி நேரத்தில் கற்றை அணைந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு ஓடி வர வேண்டும். 625 வரியிலும் படம் சுமப்பவை ஏறக்குறைய 576 தான். ஆக, டிவிப் படத்துக்குக் கூர்மையான ஓரம் என்று ஒன்று முதலிலிருந்தே கிடையாது. கற்றை எங்கே எரியத் தொடங்கும், எங்கே அணையும் என்பதெல்லாம் கம்பிச்சுருள், மின்தேக்கி, வால்வு ஆகியவற்றின் மனநிலையைப் பொறுத்தது.

தொழிற்சாலையில் அடுத்தடுத்து செய்த இரண்டு பெட்டிகள்கூட ஒரே அளவில் படம் காட்டாது. பாகங்கள் சூடாகும்போது அளவு மாறும். வயதாக ஆகக் குறையும். மின்னழுத்தம் இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கிப்போகும். 1940-களில் அமெரிக்காவில் விற்ற பல பெட்டிகளில் குழாயின் முகமே வட்டமாக இருந்தது. செவ்வகப் படத்தின் மூலைகள் அதில் எப்படியும் போய்விடும். வாங்கியவர்களோ கறுப்பு ஓரத்தைப் பார்த்தால் "பெட்டி கெட்டுப்போச்சு" என்று கடைக்காரரிடம் வந்து நிற்பார்கள். செய்பவர்கள் ஒரு எளிய வழி கண்டார்கள். சட்டத்தைவிடப் படத்தைப் பெரிதாக வரைந்துவிட்டால் போதும். சுருங்கினாலும் ஓரம் தெரியாது. கோணல் இருந்தாலும் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதுதான் ஓவர்ஸ்கேன்.

சுருங்கும் படத்தை என் அப்பா நேரில் பார்த்திருக்கிறார். கோப்பெங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர் அவர். தோட்டத்துக்கு வெளி மின்சாரம் கிடையாது; சாயந்திரம் இஞ்சின் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள். லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் பொது மண்டபத்து டிவியில் படம் சின்னதாகுமாம். "எம்.ஜி.ஆர். ஒல்லியாயிட்டார்னு சொல்லிச் சிரிப்போம்" என்பார். அந்தக் காலத்துப் பெட்டி தாராளமாக ஓரத்தை விழுங்கியதற்குக் காரணம் இதுபோன்ற இரவுகள்தான்.

நம் நாட்டில் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் இயங்கிய தற்காலிக நிலையத்தைப் பிரதமர் துங்கு தொடக்கி வைத்தார். 1969-இல் இரண்டாவது அலைவரிசையும் அங்காசாபுரி வளாகமும் வந்தன. வண்ணம் வர 1978 டிசம்பர் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள். ஈப்போவுக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் ஊரில், கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டிய ஆண்டெனாவைக் கிளேடாங் மலைப் பக்கம் திருப்பி வைத்த வீடுகளை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். காற்றடித்தால் ஆண்டெனா திரும்பும், அப்பா ஏறுவார், நாங்கள் கீழேயிருந்து "இப்ப சரி... இல்ல, போச்சு!" என்று கத்துவோம்.

பெட்டி ஓரத்தைத் தின்னும் என்று தெரிந்தபின் நிலையங்கள் என்ன செய்தன? எழுத்தை உள்ளே தள்ளின. அமெரிக்காவின் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் ஓர் அளவு வகுத்தது. நடப்பது தெரிய வேண்டுமானால் படத்தின் நடு 90 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்; எழுத்து படிக்கப்பட வேண்டுமானால் நடு 80 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். இரண்டாவதற்குப் பெயர் தலைப்புக்குப் பாதுகாப்பான பகுதி. ஆர்.டி.எம்-மில் தமிழ்ப்படம் பார்க்கும்போது கீழே ஓடும் மலாய் வரிகள் திரையின் அடியை ஒட்டாமல் சற்று மேலேயே நின்றதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் அதுதான். அகலத்திரை வந்தபின் இந்த எல்லைகள் தளர்ந்தன. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் எழுத்துக்கு ஒவ்வொரு ஓரத்திலும் 5 விழுக்காடு, காட்சிக்கு 3.5 விழுக்காடு விட்டால் போதும்.

ஒளிந்திருந்த அந்த ஓரம் பிறகு குப்பைக்கூடையும் ஆயிற்று. வாடகைக்கு எடுத்து வந்த வி.எச்.எஸ். வீடியோ கேசட்டில் படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் கலைந்து நெளியும். சுழலும் தலைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் இடம் அது. பழைய பெட்டியில் நாம் அதைப் பார்த்ததே இல்லை, ஓரம் தின்றுவிட்டது. அதே கேசட்டைப் பின்னாளில் கணினியில் ஏற்றிய நண்பர்கள் "கேசட் கெட்டுப்போச்சு" என்று பயந்தார்கள். கெடவில்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

இனி கணினிப் பக்கம். 1980-களில் வீட்டுக் கணினிக்குத் தனித் திரை வாங்குவது பணக்காரர் சமாசாரம். கணினியை டிவியில்தான் சொருகினார்கள். எழுத்து ஓரத்தில் விழுந்தால் போச்சு. ஆகவே 1982-இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 256-க்கு 192 புள்ளி அளவில் நடுவில் மட்டும் எழுதும். சுற்றிலும் அகலமான வண்ணக் கரை. அதே ஆண்டு வந்த கமோடோர் 64-இல் 320-க்கு 200, அதற்கும் கரை உண்டு. அந்தக் கரை அழகுக்கு என்று பலர் நினைத்தார்கள். டிவிக்குக் கொடுத்த தீனி அது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் பி.பி.சி. மைக்ரோ என்ற பள்ளிக் கணினியைச் செய்தது. அதில் மாடல் ஏ, மாடல் பி என்று இரண்டு. முப்பது ஆண்டு கழித்து, அதே ஊரில் எபன் அப்டனும் நண்பர்களும் பிள்ளைகள் கையில் நிரலாக்கத்தைத் திரும்பக் கொடுக்க ஒரு மலிவான கணினி செய்து, அந்தப் பழைய பெயர்களையே வைத்தார்கள். ராஸ்பெரி பை மாடல் பி 2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு வந்தது, விலை 35 அமெரிக்க டாலர். வீட்டில் எந்த டிவி இருந்தாலும் சொருகலாம் என்பது அதன் எண்ணம். அதனால் அந்தப் பலகையில் இரண்டு வாய்கள்: புதிய டிவிக்கு எச்.டி.எம்.ஐ., பழைய டிவிக்கு மஞ்சள் நிற வட்டச் செருகி.

பழைய டிவி ஓரத்தைத் தின்னும். புதிய டிவியும் பழக்கதோஷத்தில் தின்னும். ஆகவே அதைச் செய்தவர்கள் முன்னெச்சரிக்கையாக ஓரம் விட்டார்கள். உயர்தர டிவி முறையில் நாலு பக்கமும் 48 புள்ளி, சாதாரண டிவி முறையில் 32 புள்ளி. கணினித் திரைக்கு உரிய முறையில் சுழியம். கணினி இந்த முறைகளை இரண்டு குழுவாகப் பிரித்து வைத்திருக்கிறது: டிவி முறைகளுக்கு சி.இ.ஏ., கணினித் திரை முறைகளுக்கு டி.எம்.டி. டிவியைச் சொருகியதும் அது தன்னைப் பற்றிச் சொல்லும் விவரத்தைப் படித்துக் கணினி ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும்.

இங்கேதான் என் கதை மறுபடி வருகிறது. எங்கள் சின்னக் கணினியை நான் முதலில் ஒரு சாதாரண மானிட்டரில் மாட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் கறுப்புக் கரை. அந்த மானிட்டரும் எச்.டி.எம்.ஐ. வழியாகத் தன்னை டிவி போலவே அறிமுகப்படுத்திக்கொண்டது. கணினி அதை நம்பி 48 புள்ளி விட்டது. கரை எனக்குப் பிடிக்கவில்லை. அமைப்புக் கோப்பில், ஓவர்ஸ்கேனை முடக்கும் வரி ஹாஷ் குறி போட்டு உறங்கிக்கொண்டிருந்தது. குறியை எடுத்தேன், வரி விழித்துக்கொண்டது, கரை போயிற்று. வெற்றிப் புன்னகையோடு அதே நினைவக அட்டையை வகுப்பறை டிவிக்கு மாற்றினேன். அந்த டிவியோ ஓரத்தைத் தின்னும் வகை. கணினி விட்டிருந்த வேலியை நானே பிடுங்கிவிட்டேன். டிவி உள்ளே வந்து மேய்ந்தது.

எவ்வளவு மேய்ந்தது? 1920-க்கு 1080 புள்ளி உள்ள திரையில் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டரை விழுக்காடு போனால், அகலத்தில் பக்கத்துக்கு 48, உயரத்தில் பக்கத்துக்கு 27. மிஞ்சுவது 1824-க்கு 1026. பெருக்கிப் பாருங்கள், மொத்தப் படத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காணோம். என் சொற்பட்டியலை உலாவியில் திறந்திருந்தேன். உலாவிகள் பக்கத்தின் ஓரத்தில் தாமாக விடும் இடம் 8 புள்ளி. நான் வைத்த எழுத்தளவில் இரட்டைக்கொம்பின் அகலம் 40-ஐ ஒட்டி. எட்டும் நாற்பதும் நாற்பத்தெட்டு. கத்தி கொம்புக்கும் மெய்க்கும் நடுவில் அளந்து வைத்ததுபோல் இறங்கியிருக்கிறது.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆங்கிலத்தில் ஓரம் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் பாதி எழுத்து தெரியும். கண் உடனே "ஏதோ குறையுது" என்று சொல்லும். நம் எழுத்தில் ஒகரமும் ஓகாரமும் இரண்டு துண்டாக மெய்யின் இருபுறமும் நிற்கின்றன. இடத்துண்டு போனால் மிஞ்சுவது முழுமையான ஆகார எழுத்து. வலத்துண்டு போனால் எகரமோ ஏகாரமோ. வரியின் கடைசியில் கால் போனால் விழா "விழ" ஆகும், நிலா "நில" ஆகும். மேல் ஓரம் போனால் புள்ளி போகும். மண் "மண" ஆகும். எதுவும் உடைந்த எழுத்தாகத் தெரியாது. பிழை தன்னைப் பிழை என்று காட்டிக்கொள்ளாது.

கணினியின் நினைவகத்தில் இந்தச் சிக்கலே இல்லை என்பது வேடிக்கை. யூனிக்கோடு முறையில் "கோ" என்பது முதலில் ககரம், பிறகு ஓகாரக் குறி. ஒன்றன்பின் ஒன்றாக, ஒலிக்கும் வரிசையில். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரைக்கு வரைந்து காட்டும் கட்டத்தில்தான். அதனால் எந்தப் பிழைதிருத்தியும் இதைக் கண்டுபிடிக்காது. தேடினால் "கோடு" என்றே கிடைக்கும். தப்பு நடப்பது கணினிக்கு வெளியே, டிவிக்குள்.

கொம்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. மாணவர்கள் இதைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளலாம். தொல்காப்பியம் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு என்கிறது. ஓலையில் எழுதியவர்களோ புள்ளி வைப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்; எழுத்தாணி முனையால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். விளைவு, கொடு, கோடு இரண்டும் ஒரே மாதிரி. படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குக் கொம்பின் தலையில் ஒரு சுழி சேர்த்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். இன்று நாம் எழுதும் இரட்டைக்கொம்பு அவர் கொடுத்தது.

ஓலைக்காரர்களுக்கு ஓரத்தின் ஆபத்தும் தெரியும். ஏட்டின் இரு பக்கமும் இடம் விட்டார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றியும் விட்டார்கள். ஓலை முதலில் ஓரத்தில்தான் உதிரும். அப்படி விட்டும், உ.வே.சாமிநாதையர் காலத்துக்கு வந்து சேர்ந்த சுவடிகளில் முனை முறிந்து சொல் போனவை எத்தனை! 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவர அவர் பிரதி பிரதியாக ஒப்பிட்டது ஏன் என்று, எட்டே சொற்களைத் தொலைத்த எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

சரி, தட்டைத் திரை வந்துவிட்டதே, கற்றையும் இல்லை, சுருளும் இல்லை, புள்ளிகள் கண்ணாடியில் நிலையாக ஒட்டியிருக்கின்றன. பின்னே ஏன் இன்னும் ஓவர்ஸ்கேன்? ஒலிபரப்பில் வரும் பழைய நிகழ்ச்சிகளின் ஓரத்தில் அந்தக் குப்பை இன்னும் இருந்ததுதான் ஒரு காரணம். இன்னொன்று, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சினிமாவோ பந்து விளையாட்டோ பார்ப்பவருக்கு ஓரத்தில் 48 புள்ளி போனால் தெரியப்போவதில்லை. நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரில் முழுதாக நின்றுவிட்டது. அதைத் தாங்கிப் பிடிக்க உருவான பழக்கம் பல பெட்டிகளின் பட்டியலுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நிறுத்தும் வழி என்ன? முதலில் டிவியில் கை வையுங்கள், கணினியில் வேண்டாம். ரிமோட்டில் படத்தின் அளவு அல்லது விகிதம் என்ற பகுதிக்குப் போங்கள். 16:9 என்று இருப்பதை மாற்ற வேண்டும். பெயர் பெட்டிக்குப் பெட்டி வேறு: "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "ஃபுல் பிக்சல்", "டாட் பை டாட்" என்று ஏதாவது ஒன்று. எல்லாம் ஒரே பொருள், வந்த புள்ளியை வந்த இடத்திலேயே காட்டு என்பது. அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் பெயரை "பிசி" என்று மாற்றிப் பாருங்கள். சில பெட்டிகள் அந்தப் பெயரைப் பார்த்தே திருந்திவிடும். எங்கள் வகுப்பு டிவி அப்படித்தான் திருந்தியது. எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. திட்டியதோ முழுப் பாடவேளை.

டிவி இணங்கவே இல்லை என்றால் மட்டும் கணினிக்கு வாருங்கள். பழைய பதிப்பு என்றால், நான் செய்த தவற்றைத் திருப்பிச் செய்யுங்கள்: ஓவர்ஸ்கேனை முடக்கும் வரிக்கு மறுபடி ஹாஷ் போட்டு உறங்க வையுங்கள். அல்லது இடம், வலம், மேல், கீழ் என்று தனித்தனியாக எத்தனை புள்ளி விட வேண்டும் என்று எழுதலாம். குழுவை டி.எம்.டி.க்கு மாற்றினால், எதிரே இருப்பது கணினி என்று உணர்ந்து வெட்டுவதை நிறுத்தும் டிவிகளும் உண்டு. ஆனால் 2021-இல் வந்த புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து படம் வரையும் பொறுப்பு லினக்ஸ் கெர்னலின் இயக்கியிடம் போய்விட்டது. அங்கே பழைய ஓவர்ஸ்கேன் வரிகளை எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள்; கெர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளை வரியில் திரையின் பெயரோடு ஓர அளவைச் சேர்க்க வேண்டும். 2023-இன் புக்வர்ம் பதிப்பில் அமைப்புக் கோப்பின் இடமும் மாறி, பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ளடைவுக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்து "ஒண்ணுமே மாறலையே" என்று தலையில் கை வைப்பவர்கள் முதலில் பதிப்பைப் பாருங்கள்.

டிவியை முதலில் ஏன் சொன்னேன் என்றால், கணினி ஓரம் விட்டுச் சின்னதாக வரைந்த 1824 புள்ளி அகலப் படத்தை டிவி 1920-க்கு இழுத்துக் காட்டும். இழுத்த எழுத்து மங்கும். கடைசி வரிசை மாணவனுக்கு முதலில் மங்குவது சின்ன அடையாளங்கள்: மெய்யின் புள்ளி, வீரமாமுனிவரின் சுழி. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாமல், ஓலைக் காலத்துக்கே திரும்பிவிடுவோம்.

இப்போது நான் எந்த வகுப்புக்குப் போனாலும் பாடத்துக்கு முன் ஒரு பக்கத்தைத் திறக்கிறேன். நாலு ஓரத்தையும் ஒட்டி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. இட ஓரத்தில் "கோ", வல ஓரத்தில் "லா", மேலே "ண்", கீழே "மூ". நாலு எழுத்தும் சிவப்புக் கோடும் முழுசாகத் தெரிந்தால் பாடம். தெரியாவிட்டால் ரிமோட். முன்வரிசைப் பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். என் கண்ணுக்குப் பழகிப்போன சொல் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலத் தெரியும். நீங்களும் இந்தப் பக்கத்தைச் செய்து வைத்துக்கொள்ளலாம். பட்டியல் போடும்போது எண் போடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் முதலில் எண் போகும், உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பயிற்சித் தாள்களைத் திரும்ப வாங்கி, திரையில் தெரிந்த சொற்களுக்கு உரிய பொருளை வைத்து மறுபடி திருத்தினேன். எழுந்து நின்று சொன்ன மாணவிக்கு 16-க்கு 14. தாழிக்கு அவள் "இறந்தோரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை" என்று எழுதியிருந்தாள். முதல் தடவை அதன்மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருந்தேன். அந்தக் கோட்டை அழிக்க முடியவில்லை; பக்கத்தில் "சரி" என்று எழுதி, கையொப்பமும் தேதியும் போட்டுக் கொடுத்தேன்.